தவறான விசை, தவறான கை: மெய்நிகர் அறுவைப் பயிற்சியில் தொடுவுணர்வின் கணக்கு

மெய்நிகர் அறுவைப் பயிற்சிக்கு மருத்துவ உலகில் நம்பிக்கை தேடித்தந்த ஆய்வு 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. முதுநிலை அறுவைப் பயிற்சி மருத்துவர்கள் 16 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் மிஸ்ட்-விஆர் என்ற கணினிப் பொறியில் பழகினார்கள். மற்றவர்கள் வழக்கமான பயிற்சியோடு நின்றார்கள். பிறகு எல்லாரும் லேப்ராஸ்கோபி முறையில், அதாவது வயிற்றில் இட்ட சிறு துளைகள் வழியாக, உண்மையான நோயாளிகளின் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பொறியில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக வேலையை முடித்தார்கள். பித்தப்பையைக் காயப்படுத்துவதும் தொடக்கூடாத திசுவைச் சுட்டுவிடுவதும் பழகாதவர்களிடம் ஐந்து மடங்கு அதிகமாக நேரக்கூடியதாக இருந்தது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் ஒரு செய்தியை விட்டுவிடுகிறார்கள். மிஸ்ட்-விஆரில் கைக்கு எதிர்விசை தரும் மோட்டார் ஒன்றுகூடக் கிடையாது. திரையில் உருண்டைகளும் பெட்டிகளும் தெரியும். கருவியால் பிடிக்கலாம், நகர்த்தலாம். ஆனால் எதைத் தொட்டாலும் கை காற்றில்தான் அலையும். அப்படியிருந்தும் பயிற்சி பலித்தது. அப்படியானால் இன்று லட்சக்கணக்கில் செலவழித்துத் தொடுவிசைக் கருவிகளை எதற்காக வாங்க வேண்டும்?

'விசை தேவையா' என்று மொத்தமாகக் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. அறுவையின் எந்தக் கட்டத்தில் மருத்துவர் கண்ணை நம்பி முடிவெடுக்கிறார், எந்தக் கட்டத்தில் கையை நம்பி முடிவெடுக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கண் முடிவெடுக்கும் இடத்தில் விசை இல்லாமலே கற்றுக்கொள்ளலாம். கை முடிவெடுக்கும் இடத்தில் விசை வேண்டும், அதுவும் சரியான விசையாக வேண்டும். விசையே தராத பொறியில் பழகிய மாணவர், அறுவை அரங்கில் திசுவின் எதிர்ப்பைப் புதிதாகக் கற்றுக்கொள்வார். தவறான விசையில் பழகியவரோ முதலில் கற்றதை மறக்க வேண்டும். அதற்கு ஆகும் காலத்தில் மேசையில் படுத்திருப்பவர் ஒரு நோயாளி. பொறியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்.

கை எதை உணர்கிறது

கையின் உணர்வு இரண்டு வழிகளில் வருகிறது. தசை, தசைநாண், மூட்டு ஆகியவை கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பளு தாங்குகிறது என்பதைச் சொல்கின்றன. தோலில் உள்ள நான்கு வகை ஏற்பிகள் நுணுக்கமானவற்றைச் சொல்கின்றன. மெர்க்கல் ஏற்பிகள் நீடித்த அழுத்தத்தையும் விளிம்புகளையும் உணர்கின்றன. மெய்ஸ்னர் ஏற்பிகள் வழுக்கலையும் மெதுவான படபடப்பையும் பிடிக்கின்றன. ரஃபினி முனைகள் தோல் இழுபடுவதைக் கவனிக்கின்றன. பசீனியன் ஏற்பிகள் அதிர்வுக்கானவை. 250 ஹெர்ட்ஸ் அளவில், ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான வீச்சுள்ள அதிர்வைக்கூட அவை உணர்ந்துவிடும். கத்தியின் கைப்பிடி வழியாக இழை அறுபடுவதை மருத்துவர் உணர்வதற்கு இவையே காரணம்.

சந்தையில் 'ஹாப்டிக்' (தொடுவுணர்வு தருவது) என்ற ஒரே பெயரில் விற்கும் பொருள்களை இந்தப் பிரிவினையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். மெய்நிகர் காட்சி காட்டும் விஆர் தலைக்கவசத்தோடு வரும் கைப்பிடிகள் அதிர மட்டுமே செய்யும். கை முன்னே போவதை அவற்றால் தடுக்க முடியாது. எலும்பில் துளையிடும் பயிற்சியில் துரப்பணம் உறுமுவதை உணர்த்தலாம், எலும்பின் மறுபக்கச் சுவரைத் துளைத்து வெளியே பாயாமல் கையை அடக்கும் பழக்கத்தை உணர்த்த முடியாது. கையுறை வகைக் கருவிகள் அடுத்த படி. நெதர்லாந்தின் சென்ஸ்கிளவ் கம்பிகளுக்குப் பிரேக் போட்டு விரல் மடங்குவதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் ஹாப்ட்எக்ஸ் நுண்காற்றுக் குமிழ்களால் தோலை அழுத்துகிறது. விரலால் பற்றும் உணர்வுக்கு இவை பொருத்தம். ஆனால் கையோடு மட்டும் கட்டப்பட்ட கையுறையால் முழுக்கையையும் ஒரு சுவருக்கு முன் நிறுத்த முடியாது. அதற்கு மேசையில் ஊன்றிய இயந்திரக் கை வேண்டும்.

மேசையில் ஊன்றும் கருவிகளின் முன்னோடி, அமெரிக்காவின் எம்ஐடியில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஃபேன்டம். பேனா போன்ற ஒரு பிடி, மூன்று மூட்டுகள், ஒவ்வொன்றிலும் மோட்டார், அதன் கோணத்தை அளக்கும் என்கோடர். இன்று 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 'டச்' என்ற பெயரில் விற்பது அதன் வழித்தோன்றல்தான். ஆராய்ச்சிக்கூடங்களிலும் பயிற்சிப் பொறிகளிலும் அதிகம் காணப்படும் கருவி என்பதால் அதன் எண்களைப் பார்ப்போம். உச்ச விசை 3.3 நியூட்டன்; ஒரு நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் பொருளின் எடை. மோட்டார் சூடேறாமல் தொடர்ந்து தரக்கூடியது 0.88 நியூட்டன் மட்டுமே. சும்மா நகர்த்தும்போதே கைக்குத் தெரியும் உராய்வு 0.26 நியூட்டன் வரை. பேனாவின் நிலையையும் சாய்வையும் ஆறு அச்சுகளில் அளக்கும். விசையை மூன்று அச்சுகளில் மட்டுமே தரும். அதாவது தள்ளும், இழுக்கும், முறுக்காது. கத்தியின் சாய்வை மாற்றும்போது திசு திருப்பி முறுக்கும் உணர்வு இதில் வராது. விளம்பரத் தாளில் உச்ச விசையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அறுவைப் பயிற்சிக்கு முக்கியமான மற்ற மூன்று எண்களும் கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

நொடிக்கு ஆயிரம் முறை

திரைப்படம் நொடிக்கு 24 படங்களில் ஓடுகிறது. விஆர் தலைக்கவசத்துக்கு 72 முதல் 120 வரை போதும். தொடுவிசைக்கு மட்டும் நொடிக்கு 1000 கணக்கீடுகள் என்ற அளவு நிலைத்துவிட்டது. கை அவ்வளவு வேகமாக அசையாதே என்று தோன்றும். காரணம் கையின் வேகத்தில் இல்லை, விறைப்பான பரப்பு நடுங்காமல் நிற்பதில் இருக்கிறது.

மெய்நிகர் எலும்புப் பரப்பை ஒரு சுருள்வில்லாகக் கணினி பாவிக்கிறது: கருவிமுனை எவ்வளவு உள்ளே போனதோ, அதற்கேற்ற விசையைத் திருப்பித் தள்ளும். ஆனால் கணினி தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. ஒரு கணத்தில் அளந்து, அடுத்த கணம் வரை அதே விசையைப் பிடித்துவைத்திருக்கிறது. கை உள்ளே நுழையும்போது இருக்க வேண்டியதைவிடக் குறைந்த விசை வருகிறது. வெளியே வரும்போது இருக்க வேண்டியதைவிட அதிக விசை வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சுவர் வாங்கியதைவிட அதிக ஆற்றலைத் திருப்பித் தருகிறது. மிஞ்சும் ஆற்றல் கையில் 'ர்ர்ர்' என்ற நடுக்கமாக வருகிறது. உண்மையான எலும்பு எதுவும் இப்படி நடுங்குவதில்லை.

இந்த நடுக்கத்துக்கு எல்லை எங்கே என்று கோல்கேட், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1994இல் ஒரு விதியைத் தந்தார்கள். எளிய வடிவில் சொன்னால், சுவரின் விறைப்பையும் கணக்கீட்டு இடைவெளியையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் வருவது, கருவியின் சொந்தத் தணிப்பைவிட (அசைவை மட்டுப்படுத்தும் இயல்பைவிட) குறைவாக இருக்க வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 1 நியூட்டன் என்ற அளவில் தணிப்பு உள்ள ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 1000 முறை கணக்கிட்டால் மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் வரையான விறைப்பை நடுக்கமின்றித் தரலாம். சாதாரணத் திரையின் படவேகமான 60க்கு இறங்கினால் மில்லிமீட்டருக்கு 0.12 நியூட்டன் அளவோடு நின்றுவிடும். 3.3 நியூட்டன் விசையோடு அழுத்தினால் முதல் சுவரில் கை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அமுங்கும். இரண்டாவதில் இரண்டரை சென்டிமீட்டருக்கும் மேல். இரண்டாவதை எலும்பு என்று எந்த மாணவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதனால்தான் தொடுவிசைக்கான கணக்கு, படம் வரையும் கணக்கோடு சேராமல் தனி இழையாக (கணினியில் தனியே ஓடும் வேலையாக), முதல் முன்னுரிமையோடு ஓடுகிறது. நடைமுறையில் கோளாறு தொடங்குவதும் இங்கேதான். விண்டோஸ் பின்னணியில் புதுப்பிப்பைத் தொடங்குகிறது, வைரஸ் தடுப்பு நிரல் கோப்புகளை அலசுகிறது, கருவியின் யூஎஸ்பி கம்பியை ஹப் வழியாக வேறு நான்கு கருவிகளோடு பகிர்ந்திருக்கிறார்கள், அல்லது மின்சிக்கன அமைப்பு யூஎஸ்பி வாயிலைத் தூங்கவைக்கிறது. இவற்றில் எது நடந்தாலும் 1000 என்ற வேகம் சில நொடிகளுக்கு விழுந்துவிடும். படத்தில் ஒன்றும் தெரியாது; கையில் மட்டும் எலும்பு உதறும். 'கருவி பழுது' என்று திருப்பி அனுப்புவதற்கு முன் கணினியின் பின்னணி வேலைகளை நிறுத்தி, கருவியை நேரடி வாயிலில் செருகிப் பார்ப்பது நல்லது.

எலும்பும் ஈரலும்

1 மில்லி நொடி இடைவெளியிலும் மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன்தான் எல்லை என்றால், எலும்பின் கடினத்தை எப்படித் தருவது? கெட்டியான எலும்புத் திசுவின் மீட்சிக்கெழு பத்துக் கிகாபாஸ்கலுக்கு மேல். கல்லீரலுடையது சில கிலோபாஸ்கல். பத்து லட்சம் மடங்கு வேறுபாடு. இந்த இடைவெளியை எந்த மோட்டாரும் நேரடியாகக் கடக்காது.

நம் கை கடினத்தை உணரும் முறையே இதற்கு வழிவிட்டது. எஃகால் எலும்பைத் தட்டும்போது, தட்டிய கணத்தில் வரும் நூறு முதல் முந்நூறு ஹெர்ட்ஸ் வரையான குறுகிய அதிர்வை வைத்துத்தான் 'இது கெட்டி' என்று மூளை தீர்மானிக்கிறது. 2006இல் கேத்தரின் குச்சென்பெக்கர் குழுவினர் இந்த அதிர்வை முன்கூட்டியே பதிவுசெய்து, மெய்நிகர் பரப்பைத் தொடும் கணத்தில் சுருள்வில் விசையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். விறைப்பை உயர்த்தாமலே பரப்பு கெட்டியாக உணரப்பட்டது. காதின் பின்னெலும்பைத் துளையிடும் பயிற்சிப் பொறிகளில் இதன் பயன் பெரிது. ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான வாக்சல்-மேன் இந்த வகைப் பொறிகளில் முன்னோடி. அந்த அறுவையில் துரப்பணத்தின் ஒலியும் விசையளவு முக்கியம்: பெருஞ்சிரைக் குழிக்கோ மூளையுறைக்கோ மேலுள்ள எலும்பு மெலியும்போது சத்தத்தின் சுருதி மாறுகிறது, தேர்ந்தவர் அதைக் கேட்டுக் கையை நிறுத்துகிறார். ஒலியை ஒரே மாதிரி ஓடவிடும் பொறியில் விசை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது பாதிப் பயிற்சிதான்.

மென்திசுவில் சிக்கல் வேறு. அமுங்கும், வழுக்கும், கிழியும், ரத்தம் வரும். நுண்கூறு முறையில் கல்லீரலை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து அழுத்தத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு 30 முதல் 100 முறைதான் முடிகிறது. ஆகவே பொறிகள் இரட்டை வேகத்தில் ஓடுகின்றன. முழு உறுப்பின் வடிவம் மெதுவான இழையில் மாறுகிறது. கருவி தொடும் சிறு பகுதிக்கு மட்டும் எளிய மாதிரி ஒன்று நொடிக்கு ஆயிரம் முறை ஓடி, இடைப்பட்ட விசையை நிரப்புகிறது. பிரான்சின் இன்ரியா நிறுவனத்திலிருந்து வந்த சோஃபா என்ற திறந்த மென்பொருள் இந்த முறைக்குப் பெயர்பெற்றது. இரண்டு இழைகளும் பொருந்தாதபோது திசு படிப்படியாகத் துள்ளுவதுபோல் உணரப்படும். வேகமாகக் கருவியை இழுக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

ஊசி செலுத்தும் பயிற்சிக்கு நல்ல மாதிரி உண்டு. ஆலிசன் ஓகாமுரா குழுவினர் 2004இல் மாட்டுக் கல்லீரலில் ஊசி செலுத்தி அளந்து விசையை மூன்றாகப் பிரித்தார்கள்: துளைப்பதற்கு முன் உறை அமுங்கும் விறைப்பு, துளைத்த பின் ஊசித் தண்டின் உராய்வு, முனை வெட்டும் விசை. முதுகுத்தண்டின் எபிடூரல் மயக்க ஊசியில் இது உயிர்நாடி. ஊசி தோல், கொழுப்பு, இரண்டு தசைநார்கள் கடந்து மஞ்சள் தசைநாரை அடைகிறது. அதைக் கடந்த கணம் எதிர்ப்பு திடீரென்று விழுகிறது. அந்தக் கணத்தில் நிற்காமல் சில மில்லிமீட்டர் முன்னே போனால் மூளைத் தண்டுவட உறை துளைபட்டு, நோயாளிக்குக் கடும் தலைவலி வரும். அந்த இடத்தைக் கண்ணால் காண வழியில்லை. பொறி எதிர்ப்பைப் படிப்படியாகக் குறைத்தால், மாணவர் தாமதமாக நிற்கப் பழகுவார். திடீர் வீழ்ச்சியின் வடிவம் சரியாக இருப்பது, அதற்கு முந்திய விசையின் அளவு சரியாக இருப்பதைவிட முக்கியம்.

கண்ணின் வெண்சுவரில் ஒரு சுரங்கம்

கையும் கண்ணும் முடிவுகளைப் பங்கிட்டுக்கொள்வதைக் காட்டக் கண்புரை அறுவையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒரே நோய்க்கு இரண்டு அறுவை முறைகள் இருக்கின்றன. ஒலியதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையில் கருவிழியின் (கார்னியா) ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் போதும். கருவிமுனையில் விசை மிகக் குறைவு. நுண்ணோக்கியில் தெரியும் நிறமும் மடிப்பும் சிவப்பொளியும்தான் வழிகாட்டி. இதற்கான ஐசி என்ற ஜெர்மன் பொறியில் விசை தரும் மோட்டார் இல்லை. அசைத்தால் தானே பழைய நிலைக்குத் திரும்பும் கண்மாதிரி மட்டும் உண்டு. டென்மார்க்கில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இதில் தேர்ச்சி பெறும் வரை பழகிய புதியவர்களின் அறுவை அரங்கத் திறன் 32 சதவீதம் உயர்ந்தது. கண் முடிவெடுக்கும் அறுவைக்கு விசையின்றியே பயிற்சி கிடைத்தது.

விழித்திரை அறுவை இன்னும் ஒரு படி மேல். 1999இல் அளந்தபோது விழித்திரை மீதான விசைகளில் முக்கால்வாசி 7.5 மில்லிநியூட்டனுக்கும் குறைவு. அந்த அளவில் மருத்துவரின் கைக்குத் தெரிந்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. டச் கருவியின் சொந்த உராய்வு இதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். அந்தக் கருவியை வைத்து விழித்திரைக்கு 'தொடுவுணர்வு' தருகிறோம் என்று யார் சொன்னாலும், கைக்கு வருவது கருவியின் உராய்வுதான்.

இரண்டாவது முறை, சிறுகீறல் கைமுறைக் கண்புரை அறுவை. விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம், முற்றிப்போன கெட்டிப் புரைக்கும் ஏற்றது. அதனால் இந்தியாவில் ஆழ வேரூன்றியிருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதைப் பெருமளவில் செய்தும் கற்பித்தும் வருகிறது. இந்த அறுவையின் அடித்தளம் ஒரு சுரங்கம். கருவிழி விளிம்பிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் பின்னால், வெண்விழிச் சுவரில் ஆறு முதல் ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்கு, சுவரின் பாதித் தடிமன் வரை ஒரு பள்ளம் கீறுகிறார்கள். பிறகு பிறைவடிவக் கத்தியால் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே கிடையாகப் பிளந்துகொண்டே போய், கருவிழிக்குள் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை செல்கிறார்கள். சரியாக அமைந்த சுரங்கம் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும், தையல் தேவைப்படாது.

இந்தச் சுவரின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் இல்லை. கத்தி மேலே ஏறினால் சுரங்கத்தின் கூரையில் ஓட்டை விழும். கீழே இறங்கினால் கண்ணின் முன்னறைக்குள் முன்கூட்டியே நுழைந்து, கருவிழிப்படலம் (ஐரிஸ்) வெளியே பிதுங்கும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது வெண்சுவரும் கருவிழியும் சேரும் இடத்தில். கருவிழியின் வளைவு வெண்சுவரைவிடக் குறுகலானது; அதனால் அங்கே கத்தியின் முனையைச் சற்று மேலே தூக்கி வளைவைப் பின்பற்ற வேண்டும். நேராகவே தள்ளுபவர் உள்ளே விழுவார். கூரை ஓட்டையானால் அதே இடத்தில் நோண்டாமல், மறுமுனையிலிருந்து சற்று ஆழமான அடுக்கில் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கூரை வழியாகக் கத்தியின் நிழல் மங்கலாகத் தெரிவது கண்ணுக்குக் கிடைக்கும் துப்பு. மற்றதெல்லாம் கைக்குத்தான்: சரியான அடுக்கில் கொலாஜன் இழைகள் ஒரே சீரான எதிர்ப்போடு பிரியும், அடுக்கு மாறினால் எதிர்ப்பு மாறும். கண்ணின் உள்ளழுத்தமும் இதில் சேர்கிறது. கண் இறுக்கமாக இருந்தால் கத்தி வழுக்கி ஓடும். நீர் கசிந்து கண் தளர்ந்துவிட்டால் சுவர் கத்தியோடு சேர்ந்து மடியும், வெட்டுப்படாது. மாணவர் அப்போது விசையைக் கூட்டுவார், கத்தி திடீரென்று உள்ளே பாயும். உள்ளழுத்தத்தை மாறும் அளவாக வைக்காத பொறியால் இந்தத் தவற்றை உருவாக்கவே முடியாது, ஆகவே திருத்தவும் முடியாது.

அமெரிக்காவின் ஹெல்ப்மீசீ அறக்கட்டளை இந்த அறுவைக்கென்றே தொடுவிசைப் பொறி ஒன்றை உருவாக்கி, மும்பை உட்படப் பல இடங்களில் பயிற்சி தருகிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆல்பர்ட் உயெல்ச்சி, விமானிகளுக்குப் போலிப் பறப்புப் பொறிகளில் பயிற்சி தரும் ஃபிளைட்சேஃப்டி நிறுவனத்தைத் தொடங்கியவர். பொறியின் உருவாக்கத்தில் விமானத் துறையின் மூக் நிறுவனமும், சோஃபா மென்பொருளைச் சேர்ந்தவர்கள் ஸ்ட்ராஸ்பூரில் தொடங்கிய இன்சிமோவும் பங்கேற்றன. விமானத் துறையின் அணுகுமுறை இங்கே நன்றாகப் பொருந்துகிறது. அறுவையை முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சுரங்கத்தின் அந்த ஒன்றரை மில்லிமீட்டரை மட்டும் தவறு செய்து, நிறுத்தி, திரும்பத் திரும்பச் செய்யலாம். உயிருள்ள கண்ணில் அந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான்.

ட்ரோகாரின் உராய்வு

லேப்ராஸ்கோபியில் நிலைமை குழப்பமானது. ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2009இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஒப்பீட்டில் பொருள்களை இடமாற்றும் எளிய பயிற்சியில் விசையால் பலனில்லை. வெட்டுதல் போன்ற கடினமான வேலையில் பலன் இருந்தது. வேறு ஆய்வுகளில் வேறுபாடே தெரியவில்லை. 2013இல் நார்வே ஆய்வாளர்கள் லாப்சிம் பொறியின் விசைக் கைப்பிடிகளைச் சோதித்து, கைப்பிடியிலேயே தேவைக்கு மேல் உராய்வு இருப்பதாகச் சொன்னார்கள்.

வயிற்றுச் சுவரில் ட்ரோகார் குழாய் வழியாகத்தான் கருவி உள்ளே போகிறது. அதன் ரப்பர் வால்வு கருவித் தண்டைப் பிடித்து இழுக்கிறது. வயிற்றுச் சுவர் பக்கவாட்டில் முறுக்குகிறது. கருவிமுனை மெதுவாகத் தொடும் திசுவின் விசை, உண்மையான அறுவையிலேயே இந்த உராய்வுக்குள் பாதி மறைந்துவிடுகிறது. பொறியின் கைப்பிடி தன் பங்குக்கு இன்னும் உராய்வைச் சேர்த்தால், திசுவின் விசை முழுக்க மூழ்கிவிடும். மாணவர் எதிர்ப்பை உணர்கிறார், ஆனால் அது திசுவின் எதிர்ப்பு இல்லை. ஆகவே லேப்ராஸ்கோபிப் பொறியில் மென்மையான திசுவின் விசையைத் தேடிச் செலவழிப்பதைவிட, நூலை இழுத்து முடிச்சிடுதல், உறுப்பை விலக்கிப் பிடித்தல் போன்ற பெரிய விசைகள் சரியாக வருகின்றனவா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

மூட்டு உள்நோக்கிப் பயிற்சியில் சூரிச்சின் விர்டாமெட் மோட்டாரையே தவிர்த்துவிட்டது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொண்ட உண்மையான முழங்கால் மாதிரிக்குள் கருவியை விட்டு, படத்தை மட்டும் கணினி தருகிறது. எலும்பில் முட்டினால் உண்மையிலேயே கெட்டியான பொருளில்தான் முட்டுகிறது; நடுக்கம் என்ற பேச்சே இல்லை. குறை, வெட்டினால் வெட்டுப்பட்டதாகவே நின்றுவிடும் என்பதால் திசுவை அகற்றும் பயிற்சி படத்தில் மட்டும் நடக்க வேண்டும். எலும்பை ஒட்டி வழிகண்டுபிடிக்கும் பயிற்சிக்கு இதைவிட நேர்மையான விசை வேறு எதுவும் தராது.

கண் கையை மாற்றும் இடம்

எம்ஐடியில் மண்டயம் சீனிவாசன் குழுவினர் 1996இல் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மெய்நிகர் சுருள்வில்களைக் கையால் அமுக்கி எது விறைப்பானது என்று கேட்டார்கள். திரையில் தெரியும் அமுக்கத்தை மட்டும் மாற்றிக் காட்டியபோது, கை உணர்ந்ததை விட்டுவிட்டுக் கண் கண்டதையே பெரும்பாலோர் நம்பினார்கள். டா வின்சி என்ற அறுவை ரோபோவில் மருத்துவர்கள் கால் நூற்றாண்டாக விசையின்றி அறுவை செய்ய முடிந்ததற்கு இதுவும் காரணம்: திசு எவ்வளவு வெளுக்கிறது, நூல் எவ்வளவு இழுபடுகிறது என்று கண்ணால் படிக்கப் பழகிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2024 மார்ச்சில் அமெரிக்க அனுமதி பெற்ற டா வின்சி 5, விசையை உணரும் கருவிகளோடு வந்தது. நோயாளிகளிடம் பயன்படுத்துவதற்கு முந்திய சோதனைகளில் திசுவின் மீதான விசை 43 சதவீதம் வரை குறைந்ததாக அதைத் தயாரிக்கும் இன்டியூட்டிவ் நிறுவனமே சொல்கிறது. கண்ணால் ஈடுகட்டியவர்களும் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பயிற்சிப் பொறிக்கு இதனால் இரண்டு விளைவுகள். படத்தில் திசு அமுங்கும் அளவும் மோட்டார் தரும் விசையும் ஒரே கணக்கிலிருந்து வர வேண்டும். வரைகலைஞர் அழகுக்காக அமுக்கத்தைக் கூட்டினால் கையின் உணர்வும் மாறிவிடும். அடுத்தது, தலைக்கவசம் காட்டும் கருவியும் கையில் உள்ள கருவியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தலைக்கவசம் மெல்ல இடம் நழுவும். மேசையைத் தட்டினால் மொத்தமும் நழுவும். டச் போன்ற கருவிகளின் என்கோடர்கள் தொடங்கிய நிலையிலிருந்துதான் எண்ணுகின்றன. பேனாவை அதன் குழிக்குள் சரியாக வைக்காமல் தொடங்கினால் கோணக் கணக்கு முழுவதும் பிசகிவிடும். ஒவ்வோர் அமர்வுக்கும் முன் பேனாவைக் குழியில் வைத்து அளவைச் சரிசெய்து, மேசையில் குறித்த நான்கு புள்ளிகளைப் பேனாமுனையால் தொட்டு, தலைக்கவசத்திலும் அதே இடத்தில் படுகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

சென்னை ஐஐடியின் டச் லேப்பிலும் அங்கே தொடக்க ஆதரவு பெற்று வளர்ந்த மெர்க்கல் ஹாப்டிக்ஸ் நிறுவனத்திலும் தொடுவுணர்வு ஆராய்ச்சி நடப்பதால், தமிழகக் கல்லூரிகளுக்கு ஆலோசனை கேட்க ஆளுண்டு. ஆனாலும் செய்முறைக் காட்சிக்கு விற்பனையாளர் வரும்போதே துறையில் உள்ளவர்கள் தாங்களே சிலவற்றைச் சோதிக்கலாம்.

மென்பொருள் ஓடும்போது எதையும் தொடாமல் கருவியைக் காற்றில் நகர்த்துங்கள். எடையும் இழுப்பும் தெரிந்தால் அவ்வளவும் பயிற்சியில் பொய் விசையாகச் சேரும். பிறகு எலும்புப் பரப்பை இரண்டு விரலால் மிக லேசாகப் பிடித்து அழுத்துங்கள். இறுக்கிப் பிடித்தால் கையின் தசையே நடுக்கத்தைத் தணித்துவிடும், குறை தெரியாது. விற்பனையாளர் இறுக்கிப் பிடித்துத்தான் காட்டுவார். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நலமான திசுவையும் நோயுற்ற திசுவையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். விறைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால்தான் மனிதக் கை பிரித்தறியும்; அதற்குக் குறைவான வேறுபாட்டைப் பொறி 'தருவதாக' விளம்பரப்படுத்துவதில் பொருளில்லை. கடைசியாக, அரை மணி நேரம் நிற்காமல் அழுத்தமான பயிற்சி ஒன்றை ஓட்டுங்கள். மோட்டார் சூடேறினால் மென்பொருள் விசையைக் குறைக்கும். காலையில் கெட்டியாக இருந்த எலும்பு மதியம் மெத்தென்று ஆகும். வகுப்பில் பத்தாவதாக வரும் மாணவருக்கு முதல் மாணவருக்குக் கிடைத்த பயிற்சி கிடைக்காது.

தேர்ச்சி மதிப்பெண்ணை அமைப்பதிலும் ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும். உயிருள்ள திசுவில் இத்தனை நியூட்டன் என்று ஆய்விதழில் வந்த எண்ணை அப்படியே பொறியின் எல்லையாக வைக்கக்கூடாது. பொறியின் உராய்வு, நிறை, தணிப்பு எல்லாம் அந்த எண்ணை நகர்த்தியிருக்கும். ஆய்வகத்தில் அளந்த திசு ரத்தவோட்டம் நின்ற, விறைப்பு மாறிய திசுவாகவும் இருக்கலாம். துறையின் அனுபவமுள்ள மருத்துவர்கள் சிலரை அதே பொறியில் அதே பயிற்சியைப் பலமுறை செய்யவைத்து, அவர்களுடைய உச்ச விசையையும் ஒவ்வொரு தொடுதலின் விசைக்கோட்டையும் பதிவுசெய்து, அதிலிருந்து எல்லையை எடுக்க வேண்டும். அந்தப் பதிவை வெளியே எடுக்கவிடாமல் மதிப்பெண்ணை மட்டும் காட்டும் பொறியில் இதைச் செய்ய முடியாது. வாங்கும் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மருத்துவர்களில் ஒருவரை மீண்டும் உட்காரவைத்துப் பார்த்தால், அவருடைய விசைக்கோடு நகர்ந்திருக்கிறதா என்பது தெரியும். நகர்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவருடைய கையை அல்ல, கருவியின் தளர்ந்த கம்பியை.